சேரி மொழி என்றொரு சொல்

2023 நவம்பரில், நடிகை ஒருவரைப் பற்றி நடிகர் ஒருவர் பேசிய இழிமொழி நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அந்தப் பரபரப்பினிடையே, அந்நாளில் தேசிய மகளிர் ஆணைய உறுப்பினராக இருந்த குஷ்பு அவர்கள், தம்மைக் குறைகூறியவருக்கு ஒரு மறுமொழி எழுதினார். சேரி மொழியிலே பேசத் தமக்கு இயலாது என்பது அதன் கருத்து. பெண்ணைப் பழித்த நாவைக் கண்டிக்கப் புறப்பட்ட பேனா, போகிற வழியிலே, கல் சுமந்தும் களை பறித்தும் வீடு பெருக்கியும் பிழைக்கும் எண்ணற்ற பெண்கள் வாழும் தெருவை மிதித்துவிட்டுப் போயிற்று!

எதிர்ப்பு எழுந்தது. ஒடுக்கப்பட்டோர் அமைப்புகள் வெகுண்டன. வருத்தம் தெரிவிக்கச் சொல்லிப் போராடின. வருத்தம் வரவில்லை, விளக்கம் வந்தது. பிரெஞ்சு மொழியிலே 'செரி' என்றால் 'அன்புக்குரிய' என்று பொருளாம். எள்ளலாக அதைத்தான் குறிப்பிட்டாராம். அன்பை வெளியிட அருந்தமிழில் சொல் கிடைக்காமல் கடல் கடந்து போனாரோ? அன்புக்குரிய மொழியைப் பேச இயலாது என்று எவரேனும் சொல்வரோ? விளக்கம் நகைப்பிற்குரியது, ஆயினும் நமக்குப் பயன்பட்டது. சொல்லின் பொருள் யாவருக்கும் தெரியும், அதை ஒப்புக்கொள்ளத்தான் எவருக்கும் மனமில்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

சேரி என்ற சொல்லின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். சேர்ந்து வாழும் இடம் சேரி. பத்தாம் நூற்றாண்டிலே, முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையை விரித்துரைக்கையில், அவ்வூரின் பன்னிரண்டு சேரிகளைக் குறிப்பிடுகிறது. உத்தரமேரூர் யாருடைய ஊர்? வேதம் ஓதிய பிராமணர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம்! அவர்கள் குடியிருந்ததும் சேரிதான். அவர்கள் பேசியதைச் 'சேரி மொழி' என்று எவரேனும் எள்ளினரா?

அக்காலத்தில் இழிவே இல்லை என்று சொல்லி, பழம்பெருமை பாட நாம் வரவில்லை. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி உண்டு, ஈழச்சேரி உண்டு, பறைச்சேரி உண்டு, 'தீண்டாச்சேரி'யும் உண்டு. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தீண்டாமை குடியேறிவிட்டது. ஆனால், அதைக் குறிக்க அன்று 'தீண்டா' என்றோர் அடைமொழி வேண்டியிருந்தது. இன்று அடைமொழி உதிர்ந்துவிட்டது. அதன் நஞ்சு முழுதும் சேரி என்னும் சொல்லுக்குள்ளேயே இறங்கிவிட்டது. கல்லிலே வெட்டியவன் செய்ததைவிட, திண்ணையிலே அமர்ந்து தினந்தோறும் பேசியவர்கள் செய்ததே மிகுதி என்போம்.

சரி, அந்தச் 'சேரி மொழி'தான் எது? சென்னையின் உழைப்பாளர் பேச்சைத்தான் பெரும்பாலும் அவ்வாறு சுட்டுகின்றனர். தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் கலந்த துறைமுக நகரத்துப் பேச்சு அது. 'பேஜார்' உருதுவின் வழி வந்தது, 'நாஸ்தா'வும் அவ்வாறே. 'கஸ்மாலம்' எங்கிருந்து வந்தது? குப்பத்துச் சொல் என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் பெரியோர்கள் பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைத் திறக்கட்டும். சோர்ந்து நிற்கும் அர்ச்சுனனிடம் கண்ணன் பேசத் தொடங்கும் முதல் சுலோகத்திலேயே 'கஸ்மலம்' இருக்கிறது! தேர்த்தட்டிலே ஒலித்தால் தெய்வ வாக்கு, ரிக்‌ஷா ஓட்டுபவர் வாயில் வந்தால் சேரி மொழி. குற்றம் சொல்லிலா இருக்கிறது, சொல்பவரின் முகவரியிலா?

திரைப்படத்தின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராகப் பேசிய பேச்சு, நடிப்பாற்றலால் நிலைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், அப்பேச்சைக் கேட்டதும் சிரிக்க வேண்டும் என்ற பழக்கமும் அரங்கிலே கூடவே வளர்ந்தது. நாயகன் செந்தமிழ் பேசுவான், சிரிப்பு நடிகன் சென்னைத் தமிழ் பேசுவான் என்று எத்தனை படங்கள்! 1965இல் செயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்' படத்திலே குடிசைவாழ் மக்களைச் சிரிப்புப் பொருளாக்காமல், மனிதராகவே நிறுத்தினார். தேசிய விருது கிடைத்தது, திரையரங்குகள் கிடைத்தனவா?

கண்டித்தவர்களிலும் எத்தனை பேர் தூய நாவினர் என்று நாம் ஐயுறுகிறோம். நம் பள்ளியிலே, ஒழுங்கான பையனை அறிமுகப்படுத்திய ஆசிரியர் ஒருவர், "காலனிப் பையன்தான், ஆனால் நன்றாகப் படிக்கிறான்" என்றார். தீய எண்ணம் அவரிடம் இல்லை, பாராட்டத்தான் முனைந்தார். அந்த 'ஆனால்' என்ற ஒரு சொல்லிலே ஒரு தெருவே குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று! பையன் தலைகுனிந்து நின்றான். வாடகைக்கு வீடு கேட்கும்போதும், வேலைக்கு நேர்முகத்தில் அமரும்போதும் முகவரியை மறைக்கும் கலையை அவன் அன்றே கற்கத் தொடங்கியிருப்பான்.

"இதற்கெல்லாமா கொதிப்பது? வாய் தவறிய சொல்தானே!" என்பர் சிலர். வாய் தவறும்போது ஏன் எப்போதும் ஒரே தெருவின்மீது தவறுகிறது? கொதிப்பும் நேற்றுத் தோன்றியதன்று. இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே ஏட்டின் பெயராக்கி, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். 1922இல் சென்னைச் சட்டமன்றத்திலே எம்.சி. இராசா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, அரசு ஆவணங்களில் 'பஞ்சமர்' முதலிய பெயர்கள் நீங்கி 'ஆதிதிராவிடர்' இடம்பெற்றது. முன்னவர் சொல்லைப் பறித்து நிமிர்த்தினார். பின்னவர் சொல்லை மாற்றினார். நமக்கு முன்னவரின் துணிவே கூடுதலாகப் பிடிக்கிறது. பின்னவரின் வழியும் வேண்டாததன்று.

சேரி வேண்டாமென்று காலனி வந்தது. அயல்மொழிச் சொல், பழைய கறை படியாதது என்று நம்பினர். அதுவும் சில பத்தாண்டுகளில் வசையாயிற்று. 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப்பலகையை எழுதுபவர் ஒரே நாளில் மாற்றிவிடுவார். அடுத்து வரும் பெயரையும் "ஆனால்" சேர்த்துச் சொல்லாதிருக்க, வகுப்பறையில் நிற்கும் நாம் எத்தனை நாள் எடுத்துக்கொள்ளப் போகிறோம்?