இடம் விட்டு வைக்கும் வாரம்

கிறிஸ்துமஸை டிசம்பர் 25 என்ற ஒரே நாளாகப் பார்ப்பவர்களுக்கு விளக்கும் கேக்கும் புதுத்துணியும் கண்ணில் படும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் அந்த வாரம் முழுக்க இருந்து பாருங்கள். சின்னச் சின்ன காரியங்களில் ஒரு நுணுக்கம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். சத்திரத்தில் இடம் கிடைக்காததால் மரியாள் பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தினாள் என்று லூக்கா எழுதிவைத்தார். அந்த இடமின்மைக்குத்தான் இந்த வீடுகள் ஆண்டுதோறும் பதில் சொல்கின்றன என்று எனக்குத் தோன்றும். அடுக்களையில் தொடங்கி வாசல் வரைக்கும், யாருக்காகவோ எதற்காகவோ கொஞ்சம் இடம் விட்டே எல்லாம் நடக்கிறது.

பலகாரத்திலிருந்து பார்க்கலாம். அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ஒரு பிடி எள். மாவைத் தோசை மாவைவிடச் சற்றுத் தளரக் கரைப்பார்கள். பூ வடிவ அச்சு முதலில் காயும் எண்ணெயிலேயே கிடந்து சூடேற வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு ஒட்டாது. அதிகமானாலும் ஒட்டாது. சூடேறிய அச்சை மாவில் முக்கும் கையைக் கவனிக்க வேண்டும். முக்கால் உயரத்தோடு அந்தக் கை நின்றுவிடும். மேல்விளிம்பையும் மாவு மூடிக்கொண்டால் அச்சிலிருந்து பூ கழலவே கழலாது. விளிம்பில் கொஞ்சம் இரும்பு தெரியும்படி எடுத்து, எண்ணெயில் இறக்கி, வேகத் தொடங்கியதும் லேசாக உதறினால், பூ தானாகப் பிரிந்து மிதக்கும். வெந்ததை நிறம் மட்டும் சொல்வதில்லை, சத்தமும் சொல்லும். எண்ணெயின் சலசலப்பு அடங்கும் நேரம் பார்த்துக் கரண்டி உள்ளே போகும். இதை எந்தப் பெரியம்மாவும் பாடமாக நடத்தியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு அது கையில் வந்துவிடுகிறது.

முந்திரிக்கொத்துக்குப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். சிறுபயறை மணம் வர வறுத்து, தோல் போக்கி, பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, கைச்சூடு தாங்கும் பதத்தில் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உதிரும் என்பதால் வீட்டில் இருக்கிற எல்லாக் கைகளும் அந்த நேரத்தில் தாம்பாளத்தைச் சுற்றி வந்துவிடும். பிறகு மஞ்சள் கலந்த அரிசி மாவுக் கரைசலில் உருண்டைகளை மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கி எண்ணெயில் விடுவார்கள். மூன்றும் தனித்தனி உருண்டையாகவே இருக்கும். மேலே போர்த்திய மாவு மட்டும் அவற்றைக் கூட்டிப் பிடித்திருக்கும். மெல்லிய மொறுமொறுப்பைப் பல் கடந்தவுடன் கருப்பட்டியும் பயறும் சுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்குக்கு வரும். சீனி இனிப்பு வந்த வேகத்தில் போய்விடும். கருப்பட்டியின் இனிப்பில் ஒரு கரிய ஆழம் இருக்கிறது, அது தொண்டை வரைக்கும் கூடவே வருகிறது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு மக்ரூன் இல்லாமல் வாரம் நிறையாது. முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, பொடித்த முந்திரிப் பருப்பைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நிதானமாக உலரவிடுகிறார்கள். அதை மக்ரூன் ஆக்குவது நாலாவது பொருளான காற்று. வெள்ளைக்கருவுக்குள் அடித்து ஏற்றிய அந்தக் காற்றுக்கு உள்ளே இடம் இருப்பதால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது.

இனி வாசல். மடக்கிவைத்து விரிக்கிற கடை நட்சத்திரங்கள் வருவதற்கு முன் நட்சத்திரத்தை வீட்டிலேயே கட்டினார்கள். சில ஊர்களில் கோயில் வாசலுக்கான பெரிய நட்சத்திரத்தை வாலிபர்கள் இன்றும் மூங்கிலைப் பிளந்து கட்டுகிறார்கள். ஐந்து முனை உள்ள சட்டம் ஒரே அளவில் இரண்டு. இரண்டையும் முனைகளில் மட்டும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்மூலைகள் ஐந்திலும் சிறு குச்சிகளைக் குறுக்கே கொடுத்து விரிப்பார்கள். அதுவரை தட்டையாகக் கிடந்தது அப்போது வயிறு வைக்கும். பல்பு தொங்குவது அந்த வயிற்றுக்குள்தான். பிறகு மைதாப் பசையும் வண்ணத்தாளும். முனைகளை நோக்கித் தாள் ஒடுங்கிக்கொண்டே போவதால் வெளிச்சம் நடுவில் அடர்ந்தும் முனையில் மங்கியும் தெரியும். கம்பத்தில் ஏற்றியதும் தெருவே அண்ணாந்து பார்க்கும்.

குடிலின் நயம் இன்னொரு வகை. இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் 1223-ல் அசிசி நகர் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, பெத்லகேம் தொழுவத்தை மக்கள் கண்முன் கொண்டுவந்தார். கத்தோலிக்க வீடுகளில் அது ஒரு மூலை மேசையில் நடக்கிறது. கரித்தூள் தடவிக் கசக்கிய காகிதம் மலையாகும். பத்து நாளுக்கு முன்பே தட்டில் விதைத்த கேழ்வரகோ கோதுமையோ முளைத்துப் புல்வெளியாகும். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு குளமாகும். வைக்கோலில் ஊர் தெரியும். தாமிரபரணிப் பாசனத்தில் டிசம்பர் மாதம் பிசானப் பயிர் வயலில் பச்சையாக நிற்கும் காலம். ஆகவே குடிலுக்கு வருவது கார் அறுவடையின் வைக்கோல். வைக்கோல்போரின் உள்புறத்திலிருந்து, மழை படாத பொன்னிறக் கற்றையாகப் பார்த்து உருவி வருவார்கள்.

மாதாவும் சூசையப்பரும் இடையர்களும் ஆடுகளும் வந்து சேர்ந்த பிறகும் நடுவில் முன்னணை காலியாகவே இருக்கும். குழந்தை இயேசுவின் சொரூபம் அலமாரிக்குள் பஞ்சில் சுற்றிக் கிடக்கும். வாரம் முழுக்க எல்லாச் சொரூபங்களின் பார்வையும் அந்த வெறும் வைக்கோலின் மேல்தான். வீட்டின் கடைக்குட்டி நாளுக்கு நாலு முறை போய், “இன்னும் வரலியா ஆச்சி?” என்று கேட்கும். 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகு பாலனைக் கிடத்தும் கை பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் கையாகவே இருக்கும். இத்தனை நாள் காலியாகக் கிடந்த இடம் என்பதால்தான் அந்த விரற்கடை அளவுச் சொரூபம் குடிலையே நிறைத்துவிடுகிறது.

கேரல் ரவுண்ட்ஸ் வரும் இரவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேனில் ஜெனரேட்டரும் டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வருகிற காலம் இது. முன்பு பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஆர்மோனியமும் ஜால்ராவும் வந்தன. எப்படி வந்தாலும் தெருமுனை நாய்கள்தான் முதலில் அறிவிக்கும். தென்னாட்டு சி.எஸ்.ஐ. சபைகளுக்குப் பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலைகள் ஒன்று, ராகமும் தாளமும் போட்டுப் பாடும் கீர்த்தனைகள் மற்றொன்று. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இன்றைக்கும் எல்லோர் நாவிலும் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தின இரவில், கித்தார் துணையோடு முதன்முதலாகப் பாடப்பட்ட அமைதியான இரவைப் பற்றிய பாட்டும் தமிழுடுத்தி வரும். ஒரே வாசலில், ஒரே பத்து நிமிடத்தில், நான்கு குரலாகப் பிரிந்து பாடியவர்கள் அடுத்த பாட்டுக்குக் கைத்தாளம் போட்டு ஒரே குரலாகச் சேர்வார்கள். அந்தச் சேர்கிற நொடிக்காகவே நான் தூங்காமல் விழித்திருப்பேன்.

அந்தக் கூட்டத்திடம் ஒரு பக்குவம் உண்டு. அந்த வருஷம் துக்கம் நடந்த வீட்டின் முன் டிரம் ஓய்ந்துவிடும். தாத்தா வேஷம் போட்டவர் வேனை விட்டு இறங்க மாட்டார். தணிந்த குரலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பெரியவரின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். வீட்டைத் தாண்டிப் போய்விடுவதும் இல்லை, அவர்கள் துயரத்தின் மேல் சத்தம் போடுவதும் இல்லை.

25-ஆம் தேதி விடியுமுன் கோயில் மணி அடிக்கும். பாளையங்கோட்டையில் 1826-ல் எழுந்த ஊசிக்கோபுரக் கோயிலிலும், சின்ன ஊர்களின் ஓட்டுக்கூரைக் கோயில்களிலும் அது ஒரே அழைப்புத்தான். அந்த நாள் தமிழ்க் கணக்கில் மார்கழி 9 அல்லது 10. தெருவில் பனி இறங்கியிருக்கும். பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஒலிக்கும். கோலம் போடக் குனிந்த பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து, கஞ்சி மொடமொடப்பு மாறாத புதுச்சேலையைப் பார்த்து, “மதினி, கலர் நல்லா எடுத்திருக்கிய” என்பார். கோலப் புள்ளியை மிதிக்காமல் பிள்ளைகளை ஓரமாக நடத்திக்கொண்டு குடும்பம் கோயிலுக்குப் போகும். ஒரே அதிகாலையில் இரண்டு பக்திகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடக்கும் அழகு அந்தத் தெருவுக்கு வாய்த்தது.

ஆராதனை முடிந்து வந்து இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட்ட கையோடு தட்டுகள் புறப்படும். எனக்கு இந்த வாரத்திலேயே மிகப் பிடித்த வேலை, தட்டு அடுக்குவதைப் பார்ப்பது. தட்டுக்குத் தட்டு பலகாரம் மாறும். “அந்தத் தட்டுல அச்சு முறுக்கு வைக்காத, அவுக முட்டை சேக்க மாட்டாக” என்று ஆச்சி கட்டிலிலிருந்தே சொல்வார். சைவ வீட்டுத் தட்டில் கேக்கும் மக்ரூனும் இராது. அந்த இடத்தில் முந்திரிக்கொத்தும் அதிரசமும் கை முறுக்கும் கூடுதலாக அமரும். பல் போன தாத்தா இருக்கும் வீட்டுக்கு மெத்தென்ற கேக்தான் முதலில். சர்க்கரை நோய்க்காரர் வீட்டுக்குக் கார முறுக்கு நிறையவும் இனிப்பு பேருக்கும் போகும். இந்த வருஷம் சாவு விழுந்து பலகாரம் சுடாத உறவுக்காரர் வீட்டுக்கு, டப்பாவோடு நிறையப் போகும். போன தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது அதில் இருக்கும்.

கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கும் மகளும் மருமகனும், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த சித்தி, அத்தை குடும்பங்களும் நிறைந்த இரவில் இரண்டு அறை வீடு விரியும் விதத்தையும் பார்க்க வேண்டும். தலைக் கிறிஸ்துமஸ் ஜோடிக்கு உள்ளறை. ஆச்சிக்குக் கட்டில். பெண்கள் வரிசையாகப் பட்டாசாலையில், பையன்கள் மாடியில் பாய் போட்டு. பாதி ராத்திரியில் இன்னும் ஒருவர் வந்தாலும் படுத்திருப்பவர்கள் கண் திறக்காமலே ஒருக்களித்துக்கொள்வார்கள். பாய்க்குப் பாய் நகர்ந்து ஒரு ஆள் இடம் உண்டாகிவிடும்.

கடலோர ஊர்களில் மறுநாளுக்கு வேறு கனம் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் களைப்பு தீராத காலையில் சுனாமி வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் அந்த நாளில் கல்லறைகளுக்கு மாலையும் மெழுகுவர்த்தியும் எடுத்துப் போகிறார்கள். முந்தின நாள் பலகாரம் தின்ற பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். போனவர்களை நினைப்பதற்கும் இந்த வாரத்தில் நாள் ஒதுக்கியாகிவிட்டது. மகிழ்ச்சியை அது குறைத்ததாக அந்த ஊர்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பண்டிகை முடிந்தும் குடில் கலைவதில்லை. மூன்று ராஜாக்களும் ஒட்டகமும் மேசையின் கோடியில் தொடங்கி நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, ஜனவரி 6 திருநாளன்றுதான் தொழுவத்தை எட்டுவார்கள். அடுக்களையிலும் அதே முறைதான். கப்பலில் வேலை பார்க்கும் மகனுக்கு, லீவு கிடைக்காத ராணுவத்து மருமகனுக்கு, பிரசவ வார்டில் இரவுப்பணி பார்க்கும் நர்ஸ் மகளுக்கு என்று ஒரு டப்பா மூடி வைக்கப்பட்டிருக்கும். எத்தனை பேர் வந்து தின்றாலும் அதன் மூடி திறக்காது.

வந்தவரை உபசரிப்பது தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் பழக்கம். வராதவரையும் தாமதமாக வருபவரையும் துயரத்தில் இருப்பவரையும் நம்மைப்போல் சாப்பிடாதவரையும் கணக்கில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க வேலை செய்வதற்குத் தனி நுட்பம் வேண்டும். அதைப் பெரும்பாலும் ஆச்சிகளும் பெரியம்மாக்களும் சத்தமில்லாமல் செய்துவிடுகிறார்கள். அதனால்தான் பார்த்துப் பாராட்டாமல் விட்டுவிடுகிறோம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வந்தால், கை வைக்கும் முன் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒருமுறை பாருங்கள். உங்களை நினைத்துத்தான் அதை அடுக்கியிருப்பார்கள்.