கம்பியைத் தொட்ட விரல்கள்

போடிநாயக்கனூரில் பாட்டைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. பண்ணைப்புரம் இதே மலையடிவாரத்து ஊர்; இளையராஜா எங்களுக்கு ஊர்க்காரர். ‘இளைய நிலா’ எந்தப் படம், யார் பாடியது, யார் எழுதியது என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டால் கிளாஸ் கழுவுகிறவரே சொல்லிவிடுவார்: ‘பயணங்கள் முடிவதில்லை’, எஸ்.பி.பி., வைரமுத்து. 1982 என்றுகூடச் சேர்த்துக்கொள்வார். அந்தக் கிடார் யாருடைய கை என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். அது ஆர். சந்திரசேகர்.

அந்தத் தொடக்கத்தை இன்னொரு முறை நிதானமாகக் கேட்க வேண்டும். பாட்டு பிறப்பதே கிடாரில்தான். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுண்டிக்கொண்டு போகிறார்; ஒரு ஸ்வரம் தேய்ந்து முடிவதற்குள் அடுத்தது வந்து சேர்கிறது, ஆனால் எதுவும் எதன் மேலும் இடிப்பதில்லை. வேகம் இருக்கிறது, அவசரம் இல்லை. எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அழுத்தம் கொடுத்திருந்தால் அது சாதகம் பண்ணுகிற சத்தமாகப் போயிருக்கும். இவர் சிலவற்றைப் பூப்போலத் தொட்டு, சிலவற்றில் விரலை ஊன்றுகிறார். எஸ்.பி.பி.யின் குரல் வந்ததும் கிடார் ஒதுங்கிப் போவதில்லை. குரலுக்கு அடியில் கசியும் தண்ணீராக ஓடிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எங்கள் ஊரிலேயே பலமாக எழும். எல்லாம் ராஜா எழுதிக் கொடுத்ததுதானே, பார்த்து வாசிக்கிறவருக்கு என்ன பெருமை? எழுதிக் கொடுத்தது உண்மை. பிரசாத் ஸ்டூடியோவில் காலையில் உட்கார்ந்து வயலினுக்கு, புல்லாங்குழலுக்கு, பேஸுக்கு என்று தனித்தனியாக நொட்டேஷன் எழுதி, அதைப் பிரதி எடுத்து, ஒத்திகை பார்த்து, மதியத்துக்குள் டேக் முடித்த காலம் அது. வாசிக்கிறவர்கள் அந்தத் தாளை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்க்கிறார்கள். பாடகர் ஒரு பக்கம், கூட்டமாக வயலின்கள் ஒரு பக்கம், எல்லாரும் ஒரே மூச்சில். ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. தாளில் ஸ்வரம் இருக்கும், அளவு இருக்கும். விரலின் அழுத்தம் எவ்வளவு, வில்லை எங்கே லேசாக்குவது, தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்றால் பாட்டு எப்படி ஆறுதலாகும் என்பதெல்லாம் தாளில் இல்லை. அது வாசிக்கிறவர் பல வருடம் சேர்த்து வைத்திருந்த சொத்து.

இதை ராஜாவைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். 1976-இல் ‘அன்னக்கிளி’ வருமுன் அவர் மற்றவர்களின் இசைக்குக் கிடாரும் காம்போ ஆர்கனும் வாசித்தவர், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். அதற்கும் முன்னால், அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகள். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் பாடியது மலையில் இன்றும் பேசப்படும் கதை. போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டிப் போனால் வருகிற அந்த எஸ்டேட் பகுதியில் கேட்க வந்தவர்கள் தோட்டத் தொழிலாளிகள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் சசிதரன். ராஜாவின் குழுவில் பல்லாண்டுகள் பேஸ் கிடார் வாசித்தவர். நான்கு கம்பி பேஸில் ஆகக் கீழ்க் கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு ஸ்பீக்கருக்கு அது கிட்டத்தட்ட எட்டாத ஆழம். டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி கேட்டுக்கொண்டு ஏலக்காய் பொறுக்கிய பெண்களின் காதுக்கு அந்தப் பாட்டுகளின் அடிப்பகுதி வந்து சேரவே இல்லை. பிறகு கேசட் வந்தது. விடிவதற்கு முன் தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு முந்தல் செக்போஸ்ட் தாண்டி ஏறுகிற ஜீப்புகளில் டேப் செட்டும் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் ஏறின. பாட்டு அதேதான், ஆனால் அடியில் இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருந்தது! ‘மூடுபனி’ ராஜாவுக்கு நூறாவது படம், 1980. அதில் யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’யை நல்ல ஹெட்போனில் போட்டு, குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். அது ஆதார ஸ்வரத்தில் நின்று தலையாட்டுகிற பேஸ் அல்ல. தனக்கென்று ஒரு மெட்டோடு நடந்து போய், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் முன்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

டிரம்ஸில் புருஷோத்தமன், சந்திரசேகரின் உடன்பிறப்பு. கீபோர்டில் விஜி மேனுவல். வயலினில் வி.எஸ். நரசிம்மன், 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பம் முழுவதும் அவர் வில்லின் வேலையைக் கேட்கலாம். புல்லாங்குழலில் நெப்போலியன். அவரைப் பாடவைத்து அருண்மொழி என்று பெயரும் வைத்தார் ராஜா. குரல் வெளியே வந்த பிறகுதான் அவரைப் பலருக்குத் தெரிந்தது. குழல் ஊதியபோது அதே மூச்சுதானே ஊதியது?

முந்தைய தலைமுறைக்கும் இதே நிலைதான். எம்.எஸ்.வி.க்கு கிடாரில் பிலிப், டிரம்ஸில் நோயல் கிரான்ட், அக்கார்டியனில் மங்களமூர்த்தி. 1964-இன் ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டுக்கு ரெக்கார்டிங் தியேட்டரையே திரையில் காட்டினார்கள். டி.எம்.எஸ். மைக் முன்னால் பாட, எம்.எஸ்.வி. கையசைக்க, வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள். நான் அந்தப் பாட்டைப் போட்டால் நாகேஷைப் பார்ப்பதில்லை. பின்னால் இருக்கும் கைகளைத்தான் பார்க்கிறேன்.

அமெரிக்காவிலும் நெடுங்காலம் இப்படித்தான். டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனிப் பாட்டுகளில் வலது கையின் ஒற்றை விரலால் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெயர், 1971-இல் மார்வின் கே வெளியிட்ட ஆல்பத்தின் அட்டையில்தான் அச்சானது. அதுவரை உலகமே அவர் வாசிப்புக்கு ஆடியது, ஆளைத் தெரியாமல்.

இந்தச் சரிவுகளில் இன்று கோடை பண்பலைதான் நாள் முழுக்கத் துணை. படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நான்கும் தவறாமல் சொல்கிறார்கள். பாட்டு கேட்டு எழுதும் நேயர்கள் இந்தப் பக்கம் நிறைய. அடுத்த முறை ‘இளைய நிலா’ கேட்டு எழுதும்போது, கிடார் ஆர். சந்திரசேகர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.