பெட்டியடிக்கும் பிரட்டுக்களத்துக்கும் நடுவே

கானாவின் மலைமுகட்டில் வாழும் குவாஹு மக்கள் அக்கான் இனத்தவர். வியாபாரத்துக்கென்றே பிறந்தவர்கள் என்று அந்நாட்டில் பெயரெடுத்தவர்கள். அக்ராவில் கடை வைத்துப் பொருளீட்டுவார்கள், ஈஸ்டருக்கு ஊர் திரும்புவார்கள், அங்கே மாளிகை கட்டுவார்கள். செட்டிநாட்டை அறிந்தவர்களுக்கு இது பழகிய கதை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போன நகரத்தார் என்னும் செட்டியார்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் பெருமை ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அதை இலங்கை மலையகத்தின் பதுளையிலிருந்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

நகரத்தாருடைய தொழிற்பயிற்சி முறை உண்மையிலேயே வியக்கத்தக்கது. கடையின் எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கெழுதப் பழகி, ஏஜெண்டுக்கு உதவும் அடுத்தாளாகி, ஒருநாள் கடையையே நடத்தும் ஏஜெண்டாக உயர்வான். மூன்றாண்டுத் தவணை முடிந்தால் ஊர் திரும்பலாம். சேர்த்த பணமும் முதலாளியின் ஆதரவும் கைகொடுத்தால் சொந்தக் கடையே திறக்கலாம். ஆங்கில வங்கிகள் உள்ளூர்க்காரருக்குக் கதவடைத்த காலத்தில், அவ்வங்கிகளிடமே கடன் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்.

அந்தப் பணம் எங்கே போய் முடிந்தது? அதைத் தோட்டங்களின் கதையே சொல்லும். பதுளை இருக்கும் ஊவாவின் மடுல்சீமையில்தான் 1869இல் காப்பியின் இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ஆள்தேவை பெருகியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டிவர, ஆள்திரட்டும் தலைவரான பெரியங்கங்காணிக்குக் கைப்பணம் வேண்டும். தோட்டம் கொடுத்த முன்பணம் போதாதபோது செட்டியாரிடம் வட்டிக்கு வாங்கினார். அந்தச் சுமை கடைசியில் கூலியாளின் பெயரில் ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக அவனுக்குத் துண்டு வேண்டும். கடனை அடைத்தால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்றவனின் உழைப்பே பிறர் வாங்கிய கடனுக்கு ஈடாக இருந்தது. துண்டுமுறை 1921இல்தான் ஒழிந்தது. இந்த முறையை வகுத்தவர்கள் தோட்டத்துத் துரைமாரும் அரசாங்கமும், செட்டியார்கள் அல்ல. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் வட்டி வாங்கியவர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல மாட்டேன்.

செட்டியார்களின் வணிகத்தைப் போல நம்பிக்கை ஒரு வட்டத்துக்குள்ளேயே சுழன்றால் அச்சமும் அதற்குள்ளேயே பரவும். 1925இல் கொழும்பில் சில செட்டியார் கடைகள் முறிந்தபோது வங்கிகள் எல்லாச் செட்டியார்களுக்கும் கடனைச் சுருக்கின. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு செட்டியார்கள் பலர் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடும் நிலமும் இருந்தன. அதே சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டத்து வரிசைவீடான லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த அறைகூடச் சொந்தமில்லை.

இந்த வரலாற்றை மறந்துவிட்டு, ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் செய்யும் துணிவில்லை’ என்று பேசுகிறார்கள். கேட்கவே மனம் கொதிக்கிறது. உறுதிக்காணி இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் கொழும்புக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகள் தீபாவளிக்குப் புதுத்துணியோடு ஊர் வருகிறார்கள். வியாபாரத்தின் நெளிவுசுளிவெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் பத்தாண்டு உழைத்த பிறகும் பலர் கடைப்பையன்களாகவே இருக்கிறார்கள். ஊழியனைக் கடைக்காரனாக்கும் அந்த ஏற்பாடு மட்டும் இவர்களை எட்டவேயில்லை. நகரத்தாரிடமிருந்து மலையகம் கடன்வாங்க வேண்டியது அதைத்தான். அதற்கு முன்னால், லயத்துக் குடும்பம் ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு காணி உறுதி எழுதப்பட வேண்டும்.