நிலைப்புள்ளியும் புள்ளிக் கோலமும்

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அண்மையில் நடந்த கருத்தரங்கில், இலக்கப் படங்களின் இடவியலில் நிலைப்புள்ளித் தேற்றங்களை, அதாவது ஒரு சார்பு இடம் மாற்றாமல் விடும் புள்ளி உண்டு என்று கூறும் தேற்றங்களை, ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வெளியிடும் வழக்கத்தை ஆதரித்து இளம் ஆசிரியர் ஒருவர் பேசினார். சிறு கல்லும் சுவருக்கு ஆகும் என்பதும், படச் சுருக்கத்துக்கு இவை பிரயோஜனப்படும் என்பதும் அவருடைய வாதம். அவருடைய சிரத்தையில் எனக்குச் சந்தேகமில்லை. வாதத்தை ஏற்கத்தான் முடியவில்லை.

இத்துறைக்கு உண்மையான பெருமை உண்டு. ஒரு தட்டைக் கிழிக்காமல் அதற்குள்ளேயே நகர்த்தினால் ஒரு புள்ளியாவது தன்னிடத்தில் நிற்கும் என்னும் பிரௌவரின் தேற்றம் படப்புள்ளிகளின் உலகத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று 1986இல் ஆராய்ந்த அஸ்ரியல் ரோசன்ஃபெல்ட், நிலைப்புள்ளி கிடைக்காவிட்டாலும், தன்னிடத்திலோ, மூலைவிட்டமாகவேனும் தன்னை அடுத்த இடத்திலோ போய் விழும் புள்ளி ஒன்று சதுரப் படத்தில் இருந்தே தீரும் என்று காட்டினார். ஒற்றைப் புள்ளியாலான படத்தைத் தவிர வேறெதற்கும் நிலைப்புள்ளிப் பண்பு (அண்டைப் புள்ளிகளைப் பிரிக்காத எந்தச் சார்புக்கும் நிலைப்புள்ளி இருத்தல்) இல்லை என்று 2016இல் லாரன்ஸ் பாக்ஸரும் அவருடைய கூட்டாளிகளும் நிறுவியதும் நல்ல வேலைதான்.

என் ஆட்சேபமெல்லாம், முழுமையான வெளியில் எல்லாத் தூரங்களையும் ஒரு நிலையான பங்கேனும் குறைக்கும் சார்புக்கு நிலைப்புள்ளி உண்டு என்னும் பனாக்கின் 1922ஆம் ஆண்டுத் தேற்றத்தை எகே, கராஜா என்னும் துருக்கிய அறிஞர் இருவர் 2015இல் இலக்கப் படங்களுக்குப் பெயர்த்த பிறகு பெருகிய சுருக்கத் தேற்றங்களைப் பற்றியது. ஓர் உதாரணம் பார்ப்போம். நூம்பலில் எங்கள் தெருவில், விடியற்காலையில் நீர் தெளித்த வாசலில், எதிர்வீட்டு அம்மாள் விரலிடுக்கில் மாவெடுத்து 7க்கு 7 புள்ளி வைக்கிறார். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் அவர் கை தவறாமல் விடும் இடைவெளியை ஒன்று என்று கொள்வோம். இனி ஒவ்வொரு புள்ளியையும் அதே கோலத்தின் ஏதேனும் ஒரு புள்ளிக்கு அனுப்ப வேண்டும். எந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமும் பத்தில் ஒரு பங்காவது குறைய வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியானால் பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் ஒன்றைவிடக் குறைந்த தூரத்துக்கு வந்தாக வேண்டும். அந்த வாசலில் ஒன்றைவிடக் குறைந்த தூரமோ பூஜ்யம் ஒன்றுதான். ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் விழும், அவற்றுக்கு அடுத்ததும் அங்கேயே விழும், இப்படியே 49 புள்ளிகளும் ஒரே புள்ளியில் போய்க் குவியும். அந்த ஒரு புள்ளி தன்னிடத்தில் நிற்கிறது என்பதற்குத்தான் பல பக்கங்களில் நிரூபணம் எழுதப்படுகிறது. மூலைவிட்டமாக மட்டும் தொட்டு நிற்கும் புள்ளிகளுள்ள படங்களில், அத்தூரம் ஏறத்தாழ 1.41 ஆவதால், சிறிது இடம் கிடைக்கிறது என்பது மெய்யே. ஆனால் அந்தச் சந்தில் ஓர் இயலைக் கட்டிவிட முடியாது.

இந்த இக்கட்டைத் தாண்ட, இத்தேற்றங்களை எழுதுவோர் வேறு நிபந்தனைகளைத் தேடிப் போகிறார்கள். 1968இல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் ஏட்டில் ஆர். கண்ணன் வெளியிட்ட நிபந்தனை தொடர்ச்சியையே கேட்பதில்லை; அதைக் கொண்டு ஒரு வெளி முழுமையானதா (நெருங்கிச் செல்லும் தொடர்களுக்கெல்லாம் எல்லைப்புள்ளி அதிலேயே உள்ளதா) என்றே அறியலாம் என்று 1975இல் பி. வி. சுப்பிரமணியம் காட்டியது எவ்வளவு ஆழமான விஷயம்! படத்திலோ தூரம் ஒன்றுக்குக் கீழே இறங்காததால் முழுமை கேளாமலே வந்துவிடுகிறது. இந்நிபந்தனையைப் படங்களுக்குப் பெயர்க்கும்போது, எந்தப் புள்ளி எதற்கு அண்டையில் இருக்கிறது என்ற செய்தி நிரூபணத்தின் ஒரு வரியிலும் வேலை செய்வதில்லை. அண்மையைப் பயன்படுத்தினால் சார்பு மாறிலியாகிறது, பயன்படுத்தாவிட்டால் தேற்றம் பழையதாகிறது; 2019 முதல் பாக்ஸர் பகுதி பகுதியாக இப்பிழைகளைச் சுட்டிக்காட்டியும் வெள்ளம் வடியவில்லை.

படச் சுருக்கம் என்ற வாதமோ, படத்தைச் சுருக்கிச் சேமிப்பது, தூரங்களைக் குறைப்பது ஆகிய இரண்டு காரியங்களுக்கும் சுருக்கம் என்ற ஒரே சொல் வழங்குவதால் நம் மொழியில் இன்னும் எளிதாக மயக்குகிறது. 1980களில் பார்ன்ஸ்லி வகுத்த படச் சுருக்க முறைக்குப் பனாக்கின் தேற்றமே உயிர்நாடி; ஆனால் அங்கே முழுப் படம்தான் ஒரு புள்ளி, படங்களெல்லாம் சேர்ந்ததே வெளி, நிலைப்புள்ளியாக வந்து நிற்பது படமே. ஒரு படத்துக்குள் புள்ளிகளை இடம் மாற்றும் தேற்றம் அதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

நம் நாட்டில் இத்துறை இப்படித் தொடங்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, 1974இல் கோலங்களின் அமைப்பிலிருந்தே அவற்றை உருவாக்கும் இலக்கண விதிகளை வகுத்தார்கள். அக்கட்டுரை ரோசன்ஃபெல்ட் தொடங்கிய ஏட்டிலேயே வெளிவந்தது.

கருத்தரங்கு முடிந்து வெளியே வந்தபோது அந்த இளம் ஆசிரியரிடம் ஒரு கணக்கைச் சொன்னேன். அண்டைப் புள்ளிகளைப் பிரிக்காமல் 7க்கு 7 கோலத்தை அதற்குள்ளேயே எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். எத்தனை புள்ளிகளை அசையாமல் பிடித்துக்கொண்டால் மற்றவையும் அசைய முடியாமல் போகும்? குறுக்கும் நெடுக்கும் மட்டுமே அண்டை என்றால் நான்கு மூலைகள் போதும். மூலைவிட்டமும் அண்டைதான் என்றால் ஓரத்துப் புள்ளிகள் 24ஐயும் பிடித்தாக வேண்டும். ஏன் என்று கேட்டார்; கருத்தரங்கு அழைப்பிதழின் பின்புறத்தில் புள்ளி வைத்து, மூலையிலிருந்து தூரங்களை எண்ணத் தொடங்கினோம்.