நிலமும் பொழுதும்: 2015 சென்னை வெள்ள வரைபடத்தை முன்வைத்துத் திறந்த தரவு குறித்த ஒரு திறனாய்வு

நடுவண் அரசு 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையை அறிவித்தது. அதன்பின் அரசுத் தரவுகளை வெளியிடுவதே குடிமக்களை ஈடுபடுத்துவதாகும் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியது. வெளியிடுதல் வேறு, வாசிக்கப்படுதல் வேறு. சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் அட்டவணையாக வெளியிட்டு வருகிறது. அடியும் கனஅடியும் நிறைந்த அவ்வட்டவணை பிழையற்றதாகவே இருக்கலாம். எனினும் சைதாப்பேட்டையில் வாழும் ஒருவர் அதிலிருந்து தம் வீட்டு வாசலுக்கு வரப்போகும் நீரை உய்த்துணர வழியில்லை.

2015 டிசம்பர் முதல் நாள்களில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட, அடையாற்றின் கரைகள் மூழ்கின. அந்நாள்களில் மேப்பாக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அருண் கணேஷ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தெருக்களை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஊடாட்ட வரைபடத்தை உருவாக்கினார். நீர் சூழ்ந்த தெருவின் கோட்டை எவரும் சொடுக்கிக் குறிக்கலாம். சில நாள்களிலேயே குறிக்கப்பட்ட சாலைகளின் எண்ணிக்கை 2,500-ஐக் கடந்தது.

இவ்வரவேற்புக்கு நெருக்கடியை மட்டுமே காரணமாகக் கூறுவது போதாது. அலகுத் தேர்வே முதன்மைக் காரணம் எனலாம். 2011 விரிவாக்கத்திற்குப் பின் மாநகராட்சி 15 மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பகுக்கப்பட்டது. அலுவல்முறைத் தரவுகள் பெரும்பாலும் இவ்வலகுகளிலேயே தொகுக்கப்படுகின்றன. தம் வார்டு எண்ணை அறியாதவர் பலர். தம் தெருவை அறியாதவர் இலர். வரைபடத்தைத் திறந்தவர் முதலில் தேடியது தம் தெருவை, அடுத்துத் தம் உறவினர் தெருவை. அங்கே கோடு வெறுமையாக இருக்கக் கண்டதும் தாமே குறித்தார். வாசகர் தரவாளராக மாறிய இடம் அதுவே.

இதனைப் பாஸ்டன் நகரின் தீயணைப்பு நீர்க்குழாய் வரைபடத்துடன் ஒப்பிடுதல் தகும். 2011-இல் 'கோட் ஃபார் அமெரிக்கா' அமைப்பின் வழி உருவான அத்தளத்தில், நகரிலுள்ள நீர்க்குழாய்களில் ஒன்றை ஒருவர் தம் பொறுப்பில் ஏற்றுப் பனி மூடும்போது அதை அகற்ற முன்வரலாம். ஹொனலுலு அதனை ஆழிப்பேரலை எச்சரிக்கைச் சங்குகளுக்குப் பயன்படுத்திக்கொண்டது. அங்கே தரவு நகராட்சியிடமிருந்து மக்களை நோக்கி வந்தது. சென்னையில் மக்களே தரவைப் படைத்தனர். ஆனால் பாஸ்டனில் ஒரு குழாய்க்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். சென்னையில் குறிக்கப்பட்ட தெருவிற்கு எந்த அலுவலர் விடையளிக்க வேண்டும் என்பதை வரைபடம் சொல்லவில்லை. சொல்லும் நோக்கமும் அதற்கு இல்லை என்பதைக் குறையாகக் கொள்வதைவிட எல்லையாகக் கொள்வதே நேர்மை.

குறை வேறிடத்தில் உள்ளது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. இவ்வகை வரைபடங்களில் நிலம் துல்லியமாக உண்டு. பொழுது மங்கலாகவே உண்டு. டிசம்பர் 2 அன்று நீர் சூழ்ந்து 4 அன்று வடிந்த தெருவும், 4 அன்றுதான் மூழ்கிய தெருவும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே கோடாகத் தோன்றக்கூடும். குறித்தவர் திரும்பி வந்து குறியை நீக்கினால்தான் நீர் வடிந்தது தெரியும். துயர்க்காலத்தில் குறிப்பதற்கு இருக்கும் ஆர்வம் நீக்குவதற்கு இருப்பதில்லை.

இதனினும் கடுமையானது குறிக்கப்படாத தெருவின் சிக்கல். நிறமேற்றாத கோட்டிற்கு இரு பொருள் உண்டு: அங்கு நீர் இல்லை, அல்லது அங்கிருந்து எவரும் குறிக்கவில்லை. மின்சாரமும் இணையமும் துண்டிக்கப்பட்ட பகுதிகள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. மிக மோசமாக மூழ்கிய இடம் மிகத் தெளிவான இடமாகக் காட்சியளிக்கும் முரண் இங்கே தோன்றுகிறது. மேலும், சொடுக்குவதற்கு முதலில் ஒரு கோடு இருக்க வேண்டும். ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் சந்துகள் வரையப்படாதிருப்பின் அங்கு வாழ்பவர் தம் வெள்ளத்தைப் பதிய வழியே இல்லை. அக்கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்திற்குப் பின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெரும்பாக்கத்திற்கு இடம்பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டன. யாருடைய வாழ்விடம் வெள்ளத்தின் பெயரால் மாற்றப்பட்டதோ அவர்களுடைய சான்று குடிமக்கள் வரைபடத்திலும் குறைவாகவே இடம்பெறும் என்பது இம்முறையின் அமைப்பிலேயே உள்ள விளைவு. ஆகவே 'தகவல் இல்லை' என்பதைத் தனி நிறத்தால் காட்டுவது அழகியல் சார்ந்த விருப்பமன்று, அடிப்படைத் தேவை.

பெயர்களின் மொழியும் கவனத்திற்குரியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்திற்கும் தமிழ்ப்பெயரைத் தனிப் புலத்தில் இட முடியும். எனினும் இந்தியப் பகுதிகளுக்கு முதன்மைப் பெயராகப் பெரும்பாலும் ஆங்கில எழுத்து வடிவமே காட்டப்படுகிறது. இதை மொழிப்பற்றின் சிக்கலாக மட்டும் சுருக்க வேண்டியதில்லை. வேப்பேரி, ஓட்டேரி, பழவந்தாங்கல் ஆகிய பெயர்களில் ஏரியும் தாங்கலும் வெளிப்படையாக நிற்கின்றன. ரோமன் எழுத்தில், குறிப்பாக ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டலில், அவ்வீறுகள் வெறும் ஒலிகளாகிவிடுகின்றன. எந்த அரசுத் துறையும் வெளியிடும் முன்னரே மக்கள் வழக்கில் திறந்து கிடந்த நீரியல் தரவு அது.

மாம்பலம் ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் அப்பெயரோடு உள்ளது; பார்ப்பதற்கு ஏரி இல்லை. பழைய ஏரிகளின் எல்லைகளை நில அளவைப் பதிவுகளிலிருந்து எடுத்து, 2015-இல் குறிக்கப்பட்ட தெருக்களின்மீது ஓர் அடுக்காக வைத்து, தமிழ்ப்பெயர்களோடு காட்டும் வரைபடம் அமைந்தால், அச்சாலையில் வசிப்பவர் தம் வீட்டு எண்ணை இட்டு அதன் அடியில் இருந்த நீரைக் காண இயலும்.