பிராட்போர்டின் ஜாபிதா

பிளிமத் குடியேற்றத்தைப் பற்றி வில்லியம் பிராட்போர்டு எழுதிய சரித்திரத்தை, பாட்டன் பூட்டனைத் தேடும் அமெரிக்கர்களைப் போல நானும் கடைசியிலிருந்துதான் புரட்டினேன். 1620இல் மேபிளவர் கப்பலில் வந்தவர்களின் ஜாபிதா அங்கே இருக்கிறது. முப்பது வருஷம் கழித்து, யார் இறந்தார்கள், யாருக்கு எத்தனை குழந்தைகள் என்று கவர்னரான அவரே கணக்கு எழுதியிருக்கிறார். 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. புஸ்தகத்தின் நடுப்பகுதியில் கடன் தகராறுகள் அதிகம், எனக்கு அலுத்துவிட்டது. ஜாபிதாவை மட்டும் மூன்று முறை படித்தேன்.

கார்வர் வீட்டு வேலைக்காரிக்கு அதில் பெயரில்லை. கல்யாணமாயிற்று, ஓரிரு வருஷத்தில் இறந்தாள், அவ்வளவுதான். பெயரில்லாதவளை எந்தப் பேரன் தேடிப் பிடிப்பான்?

வேலைக்காரி போகட்டும். சொந்த மனைவி டாரதி, கப்பல் கேப் காட் கரையோரம் நின்றபோது கடலில் மூழ்கி இறந்தவள். வந்த சில நாளில் மனைவி இறந்தாள், மறுமணம் ஆயிற்று, நாலு குழந்தைகள் என்பதோடு முடித்துவிடுகிறார். 1869இல் ஒரு கதாசிரியை அதைத் தற்கொலையாக்கி, ஆதாரமில்லாமல் ஒரு காதல் கதை பண்ணினார். பலர் அதைச் சரித்திரமென்றே நம்பினார்கள்.

பிராட்போர்டைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊராரின் சாவுக்குக் கொடுத்த ஒரு வரியைத்தான் தன் வீட்டுச் சாவுக்கும் கொடுத்தார். நானாக இருந்தால் அந்த இடத்தில் ஓர் அத்தியாயம் எழுதிக் கெடுத்திருப்பேன்.