புளியங்கொட்டைப் பசையை எவ்வளவு மாற்றலாம்?

மாசி, பங்குனியில் நெய்க்காரப்பட்டியைச் சுற்றியுள்ள பழனி வட்டாரத்தில் புளி தட்டும் வேலை தொடங்கிவிடும். ஓடு, நார், கொட்டை என்று தனித்தனிக் குவியல்கள். விலையெல்லாம் சதைக்குத்தான். கொட்டை சாக்கில் கட்டப்பட்டு அரவை ஆலைக்குப் போகிறது.

அந்தக் கொட்டையின் பருப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு சைலோகுளுக்கன் என்னும் பசைப்பொருள். அதன் நடுச்சங்கிலி பஞ்சில் உள்ள செல்லுலோஸ் போலவே குளுக்கோஸால் ஆனது. அதிலிருந்து சைலோஸும் காலக்டோஸும் கிளைவிடுகின்றன. பருத்தி நூலில் இந்தப் பசை நன்றாக ஒட்டுவதற்கு அந்த உறவு கைகொடுக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943 வாக்கில், இந்திய நெசவாலைகள் ஸ்டார்ச்சுக்கு மாற்றாகப் புளியங்கொட்டை மாவைப் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் போடத் தொடங்கின. ஒடிசாவின் பட்டச்சித்திரக் கலைஞர்கள் துணியைப் பதப்படுத்தக் கொட்டைப் பசையைப் பயன்படுத்துவது அதற்கும் முந்தைய வழக்கம்.

மாவில் குறைகளும் உண்டு. பச்சைத் தண்ணீரில் கரையாது, கொதிக்க வைத்தே ஆக வேண்டும். தோல் சரியாக நீங்காவிட்டால் பசை பழுப்பேறும். புரதமும் எண்ணெயும் கலந்திருப்பதால் காய்ச்சிய பசை விரைவில் புளித்து நாறும்.

இவற்றுக்கு வேதியியல் சொன்ன விடை கார்பாக்சிமெத்தில் மாற்றம். காஸ்டிக் சோடாவில் ஊறிய மாவோடு மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம் சேர்கிறது. சங்கிலியெங்கும் எதிர்மின்னேற்றம் கொண்ட தொகுதிகள் முளைக்கின்றன. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் தண்ணீர் உள்ளே புகுந்து, குளிர்ந்த நீரிலேயே மாவு கரைகிறது. பசை தெளிகிறது, கிருமிகள் எளிதில் தொடுவதில்லை. பாலியெஸ்டர் துணி அச்சிடும் ஆலைக்கு இது பெரிய வசதி. அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த அமிலம் தோலை அரிப்பதோடு தோல் வழியாகவே உடலுக்குள் ஏறி உயிருக்கு ஆபத்தாகக் கூடியது. வினை முடிந்ததும் உப்பும் சோடியம் கிளைகோலேட்டும் மிஞ்சுகின்றன; அவற்றைக் கழுவி நீக்கச் செலவாகும்.

கழிவுநீர்க் கணக்கில் இன்னொரு சிக்கல். நம் நாட்டில் கழிவுநீரின் பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன் அளவு) 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்து அளக்கப்படுகிறது. சாதாரண ஸ்டார்ச்சை நுண்ணுயிர்கள் அதற்குள் வேகமாகத் தின்பதால் அளவு எகிறும். மாற்றிய பசை மெதுவாகச் சிதைவதால் அளவு குறைவாக வரும். ஆய்வுத் தாள் நல்லதாகத் தெரியும், பொருளோ தண்ணீரிலேயே இருக்கும். கிருமி தொடாத பசை என்ற விற்பனைச் சிறப்புதான் ஆற்றில் சுமையாகிறது. சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதைப் பசுமைப் பொருள் என்று சொல்வது தவறு.

அதோடு, குறை என்று சொன்னவை எல்லோருக்கும் குறையா? அன்றன்றைக்குக் கஞ்சி காய்ச்சிப் பாவுக்குப் போடும் கைத்தறிக்குப் பசை நாலு நாள் கெடாமலிருக்கத் தேவையில்லை. அங்கே இயற்கை மாவே போதும். தோலைச் சுத்தமாக நீக்கி நன்றாக அரைத்தால் பாதிக் குறை தீரும். மாற்றம் அச்சுப் பட்டறைக்கு மட்டும் தேவைப்பட, எல்லா மாவையும் அந்த வழியில் தள்ளுவது வீண்.

மென்மையான வழியும் இருக்கிறது. பீட்டா-காலக்டோசிடேஸ் நொதியைக் கொண்டு காலக்டோஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கினால், சூடாக்கும்போது உறையும் பசை கிடைக்கிறது. நொதியின் விலை இதற்குத் தடை.

மாற்றமே வேண்டாத பயனும் உண்டு. பழப் பெக்டின் உறைய அமிலம் வேண்டும். புளியங்கொட்டைப் பசைக்குச் சர்க்கரை மட்டும் போதும். 1940-களிலேயே டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தார் இதை எழுதிவிட்டார்கள். ஜப்பான் அந்தத் தூய பசையைப் பல பத்தாண்டுகளாக உணவில் சேர்க்கிறது. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் பன்னாட்டு வல்லுநர் குழு 2017-இல் அதற்கு எண்ணளவில் உட்கொள்ளும் வரம்பு தேவையில்லை என்றது. அந்தச் சான்று கார்பாக்சிமெத்தில் வடிவத்துக்குப் பொருந்தாது. நெய்க்காரப்பட்டி வெல்லம் காய்ச்சும் ஊர். கொட்டையும் இனிப்பும் ஒரே வட்டாரத்தில் கிடைக்க, அமிலம் சேராத பழப்பாகுக்கான சிறு ஆலை ஒன்றை இங்கே யோசிப்பதற்கு எந்த வேதிப்பீப்பாயும் தேவையில்லை.